எழுபத்து நாலாயிரமும் ஒரு ஜெபச் சீட்டும்

போன மாதம் ஒரு காலை, பக்கத்து வீட்டு ஸ்டெல்லா கையில் போனைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள். அவள் கணவருக்கு நாலு நாளாகக் காய்ச்சல். தக்கலையில் ஒரு லேபில் இரத்தம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்கள். டாக்டர் கண்ணில் படும் முன்பே ரிப்போர்ட் இவள் போனுக்கு வந்துவிட்டது. வெள்ளை அணுக்கள் முப்பத்தெட்டாயிரம் என்று சிவப்பு எழுத்தில் போட்டிருந்தது.

“அக்கா, செவப்புல போட்டுருக்கு. இது அதுதானா?”

எங்கள் பக்கத்தில் ‘அது’ என்றால் புற்றுநோய், எது என்று யாரும் திருப்பிக் கேட்பதில்லை. எனக்குத் தெரியாது, இப்போதே டாக்டரிடம் கொண்டு போ என்றேன்.

“முப்பத்தோரு வருசம் ரத்தம் பாத்த ஒங்களுக்கே தெரியாதா? சொல்ல மனசில்லன்னு சொல்லுங்க,” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். அவருக்கு நிமோனியா. இரண்டு வாரத்தில் தேறிவிட்டார். ஸ்டெல்லா மட்டும் இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

அதே வாரம் ஜெனி கூப்பிட்டாள். நான் வேலை பார்த்த மிஷன் ஆஸ்பத்திரியின் லேபை இப்போது நடத்துகிறவள் அவள்தான். ஆஸ்பத்திரி ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமாம். “மெஷின் வாரதுக்கு முன்னால எப்படிப் பாத்தோம்னு எழுதுங்கக்கா. நல்லதா ரெண்டு சம்பவம் போதும்.” நல்லதாக இரண்டு என்னிடம் இருக்கின்றன. ஆனால் எழுத உட்கார்ந்தால் மூன்றாவது ஒன்றுதான் வந்து நிற்கிறது. பேப்பரை எடுப்பதும், எழுந்து போய் அடுப்பைப் பார்ப்பதும், மடித்த துணியைப் பிரித்துத் திரும்ப மடிப்பதுமாக ஒரு வாரம் போயிற்று. இந்த மாதிரி கையும் நிற்காமல் மனசும் நிற்காமல் எல்லாம் உடனே முடிய வேண்டும் என்று பறப்பதை எங்கள் ஊரில் வெப்ராளம் என்பார்கள். வீட்டில் எனக்கு வெப்ராளக்காரி என்றுதான் பெயர். வேலையிலும் அப்படித்தான் இருந்தேன். அதைத்தான் எழுதப்போகிறேன்.

படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. நாகர்கோவிலில் இரண்டு வருடம் லேப் டெக்னீசியன் படிப்பு, இருபத்திரண்டு வயதில் வேலை. இரத்தத்தை மெல்லிய கண்ணாடிக் குழாயில் வாயால் உறிஞ்சி அளவெடுத்த காலம் அது. இன்றைக்குச் சொன்னால் பிள்ளைகள் முகத்தைச் சுளிக்கிறார்கள். அரை என்ற கோடு வரை இரத்தம், பதினொன்று என்ற கோடு வரை கரைசல். குலுக்கி, முதல் சில சொட்டுகளைக் கீழே விட்டு, கட்டம் கீறிய கண்ணாடியில் அடுத்த சொட்டை வைக்க வேண்டும். மைக்ராஸ்கோப்பில் நாலு மூலைச் சதுரங்களை எண்ணி ஐம்பதால் பெருக்கினால் கவுண்ட் வந்துவிடும். நாலாயிரத்துக்கும் பதினோராயிரத்துக்கும் நடுவில் இருந்தால் எல்லோருக்கும் நிம்மதி.

இருபதாயிரம், முப்பதாயிரம் எல்லாம் அடிக்கடி பார்ப்போம். நிமோனியா, குடல்வால் வீக்கம், தீக்காயம் என்று ஏதாவது இருக்கும். உடம்பு சண்டைக்கு ஆள் திரட்டுகிறது, அவ்வளவுதான். ஐம்பதாயிரத்தைத் தாண்டினால்தான் பயம். அப்போதும் அது பெரிய சண்டையாக மட்டும் இருக்கலாம், மருந்தில் அடங்கிவிடும். அல்லது அணுக்களை உண்டாக்கும் எலும்பு மஜ்ஜையே கெட்டுப்போய்க் கட்டுக்கடங்காமல் அனுப்பிக்கொண்டிருக்கலாம். அது இரத்தப் புற்றுநோய். எண்ணிக்கை இரண்டிலும் ஒன்று போலவே இருக்கும். அதனால் ஒரு சொட்டு இரத்தத்தை ஸ்லைடில் மெல்லியதாக இழுத்து, ஸ்டெயின் என்கிற சாயம் போட்டு, ஒவ்வொரு அணுவாக முகம் பார்த்துத்தான் ஆக வேண்டும்.

முகம் பார்க்கச் சொல்லித்தந்தவர் எங்கள் லேபுக்குப் பொறுப்பான டாக்டரம்மா. உயரமானவர். லேபில் அவருக்கென்று ஒரு நாற்காலி உண்டு, அதில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. நின்றபடி குனிந்துதான் பார்ப்பார். ஸ்லைடின் ஓரத்தில் நாங்கள் கீறியிருக்கும் நோயாளியின் பெயரை இடது பெருவிரலால் மறைத்துக்கொண்டுதான் கையில் எடுப்பார். என்ன வயது, வார்டு டாக்டர் என்ன சந்தேகப்படுகிறார், எதையும் கேட்க மாட்டார். முழுக்கப் பார்த்து, தன் கணக்கை ஒரு தாளில் எழுதிக் கவிழ்த்து வைத்த பிறகுதான், “இனி சொல்லு, யாரு?” என்பார். எனக்கோ ஆள் உள்ளே வரும்போதே கதை முழுவதும் தெரிந்தாக வேண்டும்.

அணுக்களை வகை பிரித்து எண்ண எங்களிடம் ஒரு சின்ன கவுண்டர் இருந்தது. வகைக்கு ஒரு பொத்தான். மொத்தம் நூறு ஆனதும் ‘டிங்’ என்று மணி அடிக்கும். மணி அடித்ததும் நான் எழுந்துவிடுவேன், வெளியே வரிசை நிற்கும். டாக்டரம்மா நிமிராமலே சொல்வார்.

“இன்னொரு நூறு எண்ணு.”

“மணி அடிச்சிட்டு டாக்டரம்மா.”

“மணி மெஷினுக்கு அடிக்கு. ஒனக்கில்ல.”

சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. சத்தம் போட்டிருந்தால் எதிர்த்துப் பேசியாவது ஆறியிருப்பேன். அவருக்கு இன்னொரு சட்டமும் இருந்தது. லேபிலிருந்து எண் வெளியே போகலாம், நோயின் பெயர் போகக் கூடாது. “நாம எண்ணிக் குடுக்கணும் கிரேஸ். பேரு சொல்லுகது நோயாளிக்க கட்டில்கிட்ட நிக்கிறவங்க,” என்பார்.

ஜெனி கேட்ட நல்ல சம்பவங்கள் இரண்டையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒன்று, குளச்சலிலிருந்து வந்த ஒரு கைக்குழந்தை. கவுண்ட் அறுபதாயிரம். தாய் தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஸ்லைடில் எல்லாம் முற்றி வளர்ந்த, லிம்போசைட் என்ற வகைச் சின்ன வெள்ளணுக்கள், ஒன்றுகூடக் குஞ்சு அணு இல்லை. கக்குவான் இருமல் என்று தெரிந்தது. பிள்ளை பிழைத்துக்கொண்டது.

மற்றது ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிற ஒருவர். குடலிறக்க ஆபரேஷனுக்கு முன் சும்மா பார்த்த இரத்தத்தில் ஒரு லட்சத்து நாற்பதாயிரம். ஆள் சிரித்துக்கொண்டு நின்றார், காய்ச்சல்கூட இல்லை. ஸ்லைடில் பிஞ்சு முதல் பழம் வரை எல்லாப் பருவத்து அணுக்களும் கூட்டம் போட்டிருந்தன. நடுவில் கரும்பொட்டுகள் நிறைந்த பேசோஃபில் அணுக்கள். சாதாரண இரத்தத்தில் நூற்றுக்கு ஒன்று பார்ப்பதே அபூர்வம், இவரிடம் ஒன்பது. “இத மறந்துராத. சண்டைக்குப் போற கூட்டத்துல இது இவ்வளவு வராது,” என்றார் டாக்டரம்மா. மண்ணீரல் தொப்புள் வரை இறங்கியிருந்தது. அது புற்றுநோய்தான். அந்தச் சிரித்த முகம் என் மனசில் ஏறி உட்கார்ந்துகொண்டது. அடுத்து வந்த சிரித்த முகத்திலெல்லாம் அவரைப் பார்க்க ஆரம்பித்தேன்.

ஆறு மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை ஷைனி வந்தாள். குழித்துறைக்காரி, இருபத்துமூன்று வயது, அப்பாவுக்கு அங்கே பெயின்ட் கடை. மூன்று வாரமாகச் சோர்வு, எடை குறைகிறது, சாயங்காலம் லேசாகக் காய்ச்சல். கையை நீட்டிக்கொண்டே சிரித்தாள்.

“சீக்கிரம் முடியுமா அக்கா? அடுத்த மாசம் கல்யாணம். பிளவுசுக்கு அளவு குடுக்கப் போணும்.”

முதல் தடவை கட்டத்தில் கோடே தெரியாத அளவுக்கு அணுக்கள் அடைத்துக் கிடந்தன. சிவப்பணுவுக்கான குழாயை எடுத்துப் பத்து மடங்கு நீர்க்க வைத்து எண்ணினேன். நாலு சதுரத்தில் நூற்று நாற்பத்தெட்டு. ஐந்நூறால் பெருக்கினால் எழுபத்து நாலாயிரம். மறுபடியும் எண்ணினேன், எழுபத்து மூவாயிரம். டியூட்டி டாக்டர் உடனே அவளை வார்டில் சேர்த்தார். டாக்டரம்மா கோட்டயத்தில் ஒரு ஞானஸ்நானத்துக்குப் போயிருந்தார், திங்கட்கிழமைதான் வருவார்.

ஸ்லைடைப் பார்த்தேன். முற்றின அணுக்களோடு பிஞ்சுகளும் இருந்தன. கிருமியோடு சண்டையிடும் நியூட்ரோஃபில் அணுக்கள் பலவற்றுக்குள் கருஞ்சிவப்புப் பொடி தூவியது போல இருந்தது. அந்த வாரம் தண்ணீர் சரியில்லை, ஸ்டெயின் கறுப்பாக விழுகிறது என்று நாங்களே குறைப்பட்டுக்கொண்டிருந்தோம். அதனால் அதை ஒதுக்கிவிட்டேன். நாலு அணுக்கள் மட்டும் ரொம்பக் கறுத்திருந்தன. பேசோஃபில் பொத்தானை நாலு தடவை அழுத்தினேன். அழுத்தும்போதே ரப்பர் தோட்டத்துக்காரர்தான் ஞாபகம் வந்தார். நூறில் மணி அடித்தது. வெளியே பதினெட்டுப் பேர் காத்திருந்தார்கள், எழுந்துவிட்டேன்.

ரிப்போர்ட்டில் எண்கள் மட்டும் எழுதினேன். கீழே ‘டாக்டர் பார்வைக்கு’ என்று போட்டேன். அதுவரை சட்டப்படிதான் நடந்தேன்.

சனிக்கிழமை வார்டு வழியாகப் போகும்போது ஷைனி கூப்பிட்டாள். “எனக்கு என்னதான் அக்கா?” என்று கேட்டாள். “ஒண்ணுமில்ல மக்களே,” என்று சொந்தப் பிள்ளையைக் கூப்பிடுவது போலச் சொன்னேன். சொல்லிவிட்டு அங்கே நிற்க முடியவில்லை. அவள் தலையணைக்குப் பக்கத்தில் பட்டுச் சேலைக் கடைப் பை ஒன்று இருந்தது. வீட்டுக்கு வந்தும் இருப்புக் கொள்ளவில்லை. யாரிடமாவது சொன்னால்தான் மூச்சு விட முடியும் போல இருந்தது, சொல்லவும் கூடாது. அப்போதுதான் சபையின் ஜெபப் பெட்டி ஞாபகம் வந்தது. நாங்கள் கோயில் என்று சொல்லும் எங்கள் சர்ச் வாசலில் ஒரு மரப்பெட்டி உண்டு. யாருக்காக ஜெபிக்க வேண்டுமோ சீட்டில் எழுதிப் போட்டால் ஞாயிற்றுக்கிழமை போதகர் வாசிப்பார், சபை முழுவதும் சேர்ந்து ஜெபிக்கும். பெயர் எழுத வேண்டும் என்று கட்டாயமில்லை.

‘குழித்துறையைச் சேர்ந்த, திருமணம் நிச்சயமான ஓர் இளம் மகளுக்கு இரத்தப் புற்றுநோய் என்று சந்தேகம். அவளுக்காக ஜெபிக்கவும்.’

பெயரை எழுதாமல் விட்டதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. சீட்டைப் போட்டுவிட்டு வந்து நன்றாகச் சாப்பிட்டேன்.

எங்கள் சபைகளில் ஓலை வாசிப்பது என்று ஒன்று உண்டு. கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு, மாப்பிள்ளையின் கோயிலிலும் பெண்ணின் கோயிலிலும் இருவர் பெயரையும் ஊரையும் சொல்லி, தடை ஏதும் இருந்தால் தெரிவிக்கும்படி கேட்பார்கள். அந்த ஞாயிறு போதகர் என் சீட்டை வாசித்தார், எல்லோரும் கண்ணை மூடி ஜெபித்தோம். நான் அழுதேன். ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்ததும் அவர் அடுத்த தாளை எடுத்து ஓலை வாசித்தார். மாப்பிள்ளை எங்கள் சபையைச் சேர்ந்த சஜின். பெண் குழித்துறை, பெயின்ட் கடைக்காரர் மகள் ஷைனி. இது இரண்டாம் ஓலை. முதல் ஓலை வாசித்த ஞாயிறு நான் டியூட்டியில் இருந்தேன். மாப்பிள்ளை எந்த ஊர் என்று ஷைனியிடம் கேட்கவும் எனக்குத் தோன்றியிருக்கவில்லை.

பெண்கள் பக்கம் ஒவ்வொரு தலையாகத் திரும்பியது. எனக்கு இரண்டு வரிசை முன்னால் இருந்த சஜினின் அம்மாவை எல்லோரும் பார்த்தார்கள். அந்த அம்மா பாட்டுப் புத்தகத்தை மூடி மடியில் வைத்தார். ஆராதனை முடியும் முன்பே எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

திங்கட்கிழமை டாக்டரம்மா வந்தார். பெருவிரலால் பெயரை மறைத்து ஸ்லைடை வைத்தார். நான் பின்னால் நின்று கையைப் பிசைந்துகொண்டிருந்தேன். ரொம்ப நேரம் பார்த்தார். தாளில் எழுதிக் கவிழ்த்தார்.

“பேசோஃபில் நாலுன்னு எழுதியிருக்க. எங்க, எனக்கு ஒண்ணு காட்டு.”

தேடி ஒன்றைக் காட்டினேன்.

“இதுக்குப் பக்கத்துல நிக்குதே, அது என்ன?”

“நியூட்ரோஃபில். ஸ்டெயின் கறுத்துப் போச்சு டாக்டரம்மா, இந்த வாரம் தண்ணி சரியில்ல.”

“ஸ்டெயின் கறுத்தா எல்லாத்துலயும் கறுக்கும். சிவப்பணு என்ன நெறத்துல இருக்கு பாரு. நல்ல ரோஸ். லிம்போசைட் இளநீலம். ஸ்டெயின்ல ஒரு குத்தமும் இல்ல. அந்தப் பொடி உள்ளதுதான், சண்டை போடுற அணுவுக்க பொடி. ஒரே பொடிக்கு நாலு எடத்துல ஒரு பேரு, மிச்ச எடத்துல வேற பேரா?”

நான் மறுபடி குனிந்து சிவப்பணுவைப் பார்த்தேன். ரோஸ்தான்.

“எத்தன எண்ணின?”

“நூறு.”

அவர் இன்னொரு நூறு எண்ணச் சொல்லவில்லை. அவரே நானூறு எண்ணி முடித்திருந்தார், அதில் பேசோஃபில் ஒன்றுகூட இல்லை. விரல் நுனியில் குத்திப் புது இரத்தம் எடுத்து வரச் சொன்னார். அப்போது இன்னொரு ஸ்டெயின் உண்டு. நியூட்ரோஃபில் அணுக்களுக்குள் ஒரு குறிப்பிட்ட நொதி எவ்வளவு இருக்கிறது என்று காட்டும். ஒவ்வோர் அணுவுக்கும் பூஜ்யம் முதல் நாலு வரை மதிப்பெண் போட்டு, நூறு அணுக்களின் மதிப்பெண்ணைக் கூட்ட வேண்டும். கிருமியோடு சண்டையிடும் அணுக்களில் கூட்டுத்தொகை மேலே போகும். நாங்கள் பயந்த புற்றுநோயில் ஏறக்குறைய ஒன்றுமே இருக்காது. ஷைனிக்கு இருநூற்று அறுபத்தெட்டு வந்தது.

“எங்கயோ சீழ் இருக்கு. தேடச் சொல்லு,” என்றார் டாக்டரம்மா.

ஸ்கேனில் கல்லீரலில் ஆரஞ்சுப் பழ அளவுக்கு ஒரு சீழ்க்கட்டி. வலது விலாவில் ஒரு மாதமாக வலி இருந்ததாம். கல்யாணத்தைத் தள்ளிவைத்துவிடுவார்களோ என்று பயந்து யாரிடமும் சொல்லாமல் மருந்துக்கடை மாத்திரையில் ஓட்டியிருக்கிறாள். டியூப் வைத்துச் சீழை எடுத்தார்கள். மூன்றாம் நாள் கவுண்ட் முப்பதாயிரத்துக்கு இறங்கியது. நோய் தீரும் வழிக்கு வந்துவிட்டது. மற்றது இனிமேல்தான் இருந்தது.

வியாழக்கிழமை அவளுடைய அப்பா லேபுக்கு வந்தார். சட்டையின் மேல் பொத்தான் மாறிப் போட்டிருந்தது.

“மாப்பிள்ள வீட்டுல இருந்து போன் வந்துது. மூணாவது ஓலைய இப்ப வாசிக்கண்டாம்னு சொல்லிட்டாவ. எனக்க பிள்ளைக்குப் புத்துநோயின்னு கோயில்ல சீட்டு வாசிச்சாவளாம். அது ஒங்க சபதானே சிஸ்டர். எழுதினது யாருன்னு கொஞ்சம் விசாரிச்சுச் சொல்லுவியளா?”

“விசாரிக்கேன்,” என்றேன். அந்தச் சொல்லை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு என் மேலேயே எரிச்சலாக வருகிறது.

அவர் போனதும் டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டுக்கொண்டார்.

“ரிப்போர்ட்டுல எழுதக் கூடாதத சீட்டுல எழுதியிருக்க,” என்றார்.

“நான் இப்ப என்ன செய்யணும்?”

“மொதல்ல அந்தப் பிள்ளைகிட்டப் போய்ச் சொல்லு.”

அவ்வளவுதான் சொன்னார். அதை மட்டும் செய்திருந்தால் போதும். வார்டு வாசல் வரை இரண்டு தடவை போனேன். ஒரு தடவை தூங்கினாள், ஒரு தடவை டியூப் இடத்தில் வலிக்கிறது என்று முனகினாள். முதலில் காரியத்தைச் சரிசெய்துவிட்டு நல்ல செய்தியோடு போகலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பயந்தேன் என்பதுதான் உண்மை. சனிக்கிழமை போதகரைப் போய்ப் பார்த்து, அந்தப் பெண்ணுக்குப் புற்றுநோய் இல்லை, சபையில் சொல்லிவிடுங்கள் என்றேன்.

அவர் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை முகமெல்லாம் சந்தோஷமாக, நாம் ஜெபித்த குழித்துறை மகளைக் கர்த்தர் புற்றுநோயிலிருந்து குணமாக்கினார் என்று அறிவித்தார். சபை முழுவதும் ஸ்தோத்திரம் சொன்னது. அதில் பொய் சொன்னவர்கள் யாருமில்லை. ஆனால் எனக்கு முன்னால் இருந்த இரண்டு பெண்கள் கிசுகிசுத்தது காதில் விழுந்தது.

“கொணமாச்சு சரி. வந்த சீக்கு திரும்ப வராதுன்னு யாரு சொல்லுவா?”

“அதானே ஓல வாசிக்கல்ல.”

எழுந்து நின்றேன். நிற்பது என்று முடிவு செய்ததாக ஞாபகமில்லை, கால் தானாக எழுந்துவிட்டது. “ஐயா, அந்தச் சீட்டு எழுதினது நான்,” என்றேன். “அந்தப் பிள்ளைக்கு நோய் வந்து போகல்ல. அந்த நோயே இல்ல. நான் தப்பாப் பாத்துட்டேன்.”

போதகர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். சஜினின் அம்மா திரும்பி என்னைப் பார்த்துக் கேட்டார்.

“அன்னைக்குத் தப்பாப் பாத்தவ, இன்னைக்குச் சரியாச் சொல்லுகன்னு நாங்க எப்படி நம்பணும்?”

நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்ற வெறியில் எல்லாவற்றையும் கொட்டினேன். கல்லீரல், சீழ், எத்தனை மில்லி எடுத்தது, டியூப் எந்த விலா இடுக்கில், மதிப்பெண் இருநூற்று அறுபத்தெட்டு, அவள் வலியை மறைத்தது, மருந்துக்கடை மாத்திரை. ஆராதனை நடுவில் நின்று ஒரு பெண்ணின் வயிற்றை எல்லோருக்கும் திறந்து காட்டினேன். போதகர் உட்காரச் சொன்ன பிறகுதான் நிறுத்தினேன்.

ஆராதனை முடிந்ததும் சஜினின் அப்பா வந்தார். “சரி, இப்ப வெளங்குச்சு. அடுத்த ஞாயிறு மூணாவது ஓல வாசிக்கச் சொல்லிருகேன்,” என்றார். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. சாப்பிடக்கூட வீட்டுக்குப் போகாமல், கோயிலுக்குக் கட்டிய சேலையோடு பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

ஷைனி தலையணையில் சாய்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். அப்பா வெளியே போயிருந்தார். மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன், சீட்டு எழுதியது முதல் ஓலை வாசிக்கப்போவது வரை. அவள் உரிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“எனக்கு ஒண்ணுமில்லன்னு சொன்னது, சீட்டு எழுதுகதுக்கு முன்னாலயா பொறகா?”

“முன்னால.”

“இன்னைக்குக் கோயில்ல எழும்புகதுக்கு முன்னால எங்கிட்டக் கேட்டியளா?”

“இல்ல.”

“போன ஞாயிறு நோய் உண்டும்னு சொன்னிய. இந்த ஞாயிறு இல்லன்னு சொன்னிய. ரெண்டும் எனக்க ரத்தம். ரெண்டு தடவயும் நான் அங்க இல்ல.”

“நல்லது நடக்கணும்னுதான் மக்களே…”

“இங்க கெடந்து பத்து நாளாகப் போகு. மாப்பிள்ள வீட்டுல இருந்து ஒருத்தர்கூட எட்டிப் பாக்கல்ல. ஒங்களுக்கக் கணக்கக் கேட்டபொறகு வாராவளாம்.” ஆரஞ்சுத் தோலைத் தாளில் சுருட்டி ஓரமாக வைத்தாள். “அப்பாட்டச் சொல்லப்போறேன். ஓல வாசிக்கண்டாம்.”

அவள் அப்பா இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. சஜின் ஒரு தடவை போன் செய்ததாகக் கேள்விப்பட்டேன். மூன்றாம் ஓலை வாசிக்கப்படவே இல்லை.

செவ்வாய்க்கிழமை அவளுக்கு மறுபடி கவுண்ட் பார்க்க வேண்டியிருந்தது. வேறு யாரையாவது அனுப்பலாமா என்று நினைத்தேன். டாக்டரம்மா ட்ரேயை என் பக்கம் தள்ளினார். வார்டுக்குப் போய்க் கட்டில் பக்கத்தில் நின்றேன். அதுவரை பார்த்த வேலையில் எல்லோரிடமும் “கைய நீட்டு” என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு, “ரத்தம் எடுக்கட்டுமா?” என்று கேட்டேன். அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு நானும் நின்றேன். பிறகு, “எடுங்க,” என்று கையைத் தந்தாள். கவுண்ட் பதினோராயிரத்து இருநூறு. அந்த வாரக் கடைசியில் வீட்டுக்குப் போனாள்.

அதன் பிறகு நான் ஓய்வு பெறும்வரை இருநூறுக்குக் குறைந்து எண்ணியதில்லை. அதைப் பெரிய விஷயமாகச் சொல்ல வரவில்லை, எண்ணக் கற்றுக்கொள்வது சுலபம். ஷைனி இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வேறு ஊரில் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள். அந்தக் கல்யாணத்துக்கு எனக்குப் பத்திரிகை வரவில்லை.

ஜெனி கட்டுரை கேட்டபோது ஷைனியின் நம்பரை அலைந்து தேடி வாங்கினேன். கூப்பிட்டு, இதை எழுதட்டுமா என்று கேட்டேன். “யோசிச்சுச் சொல்லுகேன்,” என்று வைத்துவிட்டாள். மூன்று வாரம் ஒன்றும் வரவில்லை. ஜெனி இரண்டு தடவை நினைவுபடுத்தினாள். ஷைனியைத் திரும்பக் கூப்பிட வேண்டும் என்று ஒரு நாளைக்குப் பத்துத் தடவை கை போகும். கூப்பிடவில்லை.

போன திங்கட்கிழமை அவளே கூப்பிட்டாள்.

“எழுதுங்க அக்கா. எனக்கப் பேர மாத்திப் போடுங்க. ஊர மாத்தண்டாம். அங்க உள்ளவங்க வாசிக்கட்டும்.”